பீக்கன் தெரு நினைவுச்சின்னத்தின் பின்பக்கம்

பாஸ்டன் நகரில், பொன் வேய்ந்த குவிமாடத்தோடு நிற்கும் மாநிலச் சட்டமன்றத்துக்கு நேர் எதிரே, பீக்கன் தெரு ஓரத்தில் ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. 11 அடி உயரம், 14 அடி அகலம். நடுவில் குதிரைமேல் ஓர் இளம் வெள்ளைக்காரக் கர்னல். அவருக்கு முன்னும் பின்னும், குதிரைக்கு அப்பாலும் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நடைபோடும் கறுப்பின வீரர்கள். மேலே மிதந்தபடி ஒரு தேவதை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களுக்காகப் போரிட்ட 54ஆம் மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவுக்கும் அதன் தளபதி ராபர்ட் கூல்ட் ஷாவுக்கும் எடுத்த சின்னம் இது. 1897 மே 31 அன்று திறந்தார்கள்.

முன்பக்கத்தைப் பற்றி எழுதித் தீர்த்துவிட்டார்கள். பின்பக்கத்தைப் பார்க்கப் படியிறங்கிப் பூங்காவுக்குள் போக வேண்டும். அங்கே வெறும் கல்லும் எழுத்தும்தான். ஆனால் இந்தச் சின்னத்துக்கு வந்த பெரிய சிக்கல்களில் பாதிக்குமேல் அந்தப் பக்கம் வந்தவை. போர் வீரர்களுக்குப் பொதுவிடத்தில் சின்னம் எழுப்ப நினைக்கிற எவரும் சிற்பியைத் தேடுவதற்கு முன் இதன் பின்பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

ரெஜிமென்ட்டின் கதை சுருக்கமாக. 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் வந்ததும் மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ கறுப்பின வீரர்களைத் திரட்டினார். அதிகாரிகள் வெள்ளையர், சிப்பாய்கள் கறுப்பினத்தவர் என்பது ஏற்பாடு. மே 28 அன்று பீக்கன் தெரு வழியாகத்தான் அணிவகுத்துப் போனார்கள். ஜூலை 18 அன்று தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தருகே மோரிஸ் தீவின் வாக்னர் கோட்டையைத் தாக்கினார்கள். தாக்கப்போன சுமார் 600 பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்தார்கள், காயம்பட்டார்கள், அல்லது பிடிபட்டார்கள். கோட்டை விழவில்லை. 25 வயது ஷாவை அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் போட்டு மூடினார்கள். மகனின் உடலைத் தோண்டி எடுக்க வேண்டாம் என்று தகப்பனார் சொல்லிவிட்டார். கொடியைக் கீழே விழாமல் காப்பாற்றிய சார்ஜன்ட் வில்லியம் கார்னிக்கு உயரிய வீரப்பதக்கம் கையில் வந்தபோது ஆண்டு 1900.

சம்பளக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். சொல்லிக் கூப்பிட்டது மாதம் 13 டாலர். கொடுக்க வந்தது 10 டாலர். அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம், ஆக 7. ஒருவரும் கைநீட்டி வாங்கவில்லை. மாநில அரசு மிச்சத்தைத் தன் கையிலிருந்து ஈடுகட்டுகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். 18 மாதம் சம்பளமில்லாமலே போரிட்டார்கள். 1864 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சமச் சம்பளத்துக்குச் சட்டம் இயற்றிய பிறகுதான் பாக்கி கிடைத்தது.

முதல் நினைவுச்சின்ன முயற்சி பாஸ்டன் கனவான்களுடையது என்று நினைக்கிறார்கள். அதற்கு முன்பே ஒன்று உண்டு. தாக்குதல் நடந்த சில நாளிலேயே வடமாநிலப் படையின் ஜெனரல் ரூஃபஸ் சாக்ஸ்டன் தென் கரோலினாவில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களிடம் ஷாவுக்குச் சின்னம் எழுப்ப நன்கொடை கேட்டார். அவர்களும் கொடுத்தார்கள், பின்னால் ரெஜிமென்ட் வீரர்களும் கொடுத்தார்கள். திட்டமிட்ட இடம் வாக்னர் கோட்டையருகே. இடம்தான் கெடுத்தது: மோரிஸ் தீவு நகரும் மணல், அஸ்திவாரம் நிற்காது. சுற்றியிருந்த வெள்ளையர்களின் பகை வேறு. போருக்குப்பின் காவலுக்கு ஆள் இல்லாமல் அங்கே கல் நட்டால் எத்தனை நாள் நிற்கும்? பணத்தைச் சார்ல்ஸ்டனில் கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளிக்குத் திருப்பினார்கள்; அதற்கு ஷாவின் பெயர். நல்ல முடிவுதான். வாக்னர் கோட்டை நின்ற நிலத்தைப் பிற்பாடு அட்லாண்டிக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. போர்க்களத்திலேயே சின்னம் வைக்க வேண்டும் என்று உணர்ச்சிவசப்படுகிறவர்கள் முதலில் மண் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

பாஸ்டன் முயற்சியைத் தொடங்கியவரும் ஒரு கறுப்பினத்தவர்தான்: விருந்துச் சமையல் தொழில் நடத்திய ஜோஷுவா பி. ஸ்மித், 1865இல். பின்னாளில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். குழு கூடியது, பணம் சேர்ந்தது, வேலை நகரவில்லை. 1879இல் ஸ்மித் இறந்தே போனார். சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸோடு ஒப்பந்தம் போட்டது 1884இல். இரண்டு ஆண்டு, 15,000 டாலர் என்று பேச்சு. முடித்துக் கொடுத்தது 13 ஆண்டு கழித்து.

தாமதத்துக்குச் சிற்பியின் பிடிவாதம் பாதி, ஏற்றுக்கொண்ட மற்ற வேலைகள் பாதி. அந்த இடைவெளியில் சிகாகோவின் லிங்கன் சிலை உட்படப் பல வேலைகள் முடிந்து வெளியே போயின. இது நியூயார்க் பட்டறையிலேயே கிடந்தது. தேவதையைத் திரும்பத் திரும்பக் கலைத்து வடித்தார். தேவதையே தேவையில்லை என்று பாரிஸ் நண்பர் ஒருவர் எழுதியும் கேட்கவில்லை. என் கட்சி அந்த நண்பர் பக்கம்.

ஆனால் ஒரு மாற்றம் சின்னத்தையே காப்பாற்றியது. செயின்ட் காடன்ஸ் முதலில் நினைத்தது குதிரைமேல் ஷாவின் தனிச்சிலை. ஷாவின் குடும்பம் ஒப்பவில்லை. குதிரைச் சிலையெல்லாம் பெரிய படைத்தலைவர்களுக்கு எடுப்பது. எங்கள் பையன் வெறும் கர்னல், அது அகம்பாவமாகத் தெரியும் என்றார்கள். சிற்பிக்குக் குதிரையை விட மனமில்லை. குதிரையை வைத்துக்கொண்டு, பின்னணிப் பலகையில் வீரர்களைக் கொண்டுவந்தார். இப்போது அந்தச் சிற்பத்தில் கண்ணை இழுப்பது வீரர்களின் முகங்கள்தான். குடும்பம் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாஸ்டனுக்கு இன்னொரு குதிரைச் சிலை கிடைத்திருக்கும், அவ்வளவே.

முகங்களுக்காக நியூயார்க்கில் கறுப்பின ஆண்களைக் கூலிக்கு அழைத்து உட்காரவைத்துச் சுமார் 40 தலைகள் வடித்தார், 16 எடுத்துக்கொண்டார். தாடி வைத்த முதியவர், மீசை அரும்பாத சிறுவன், கன்னம் ஒடுங்கியவர் என்று ஒவ்வொருவரும் ஒரு தனி ஆள். அந்தக் காலத்து அமெரிக்கச் சிற்பங்களில் கறுப்பினத்தவர் கேலிச்சித்திரமாகவோ முழங்காலிட்டவராகவோ வருவதே வழக்கம். இப்படி ஆளுக்காள் வேறுபட்ட முகங்களோடு வந்தது புதிது. இரண்டு விஷயம் மட்டும் உறுத்தும். இவர்கள் 54ஆம் ரெஜிமென்ட்டில் இருந்தவர்கள் இல்லை. ஷாவின் முகம் மட்டும் நிழற்படத்தைப் பார்த்துச் செய்தது. உட்கார்ந்தவர்களின் பெயரையும் சிற்பி எழுதிவைக்கவில்லை. நினைவுக் குறிப்புகளில் அவர்களைப் பற்றிக் கேலியாகப் பேசுகிறார். அதைப் படித்தபிறகு, இந்தக் கையா அந்த முகங்களைச் செய்தது என்று தோன்றும்.

இப்படியொரு சிற்பம் களிமண்ணிலிருந்து வெண்கலமாவது எப்படி என்பதையும் பார்த்துவிடலாம். பழுதுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன. இரும்பு, மரச் சட்டத்தின்மேல் களிமண்ணை ஏற்றி முழு அளவில் வடிக்கிறார்கள். வேலை ஓடும் நாள் முழுக்க ஈரத்துணி போர்த்தி வைக்க வேண்டும். காய்ந்தால் விரல், துப்பாக்கிக் குழல் போன்ற மெல்லிய பகுதிகள் முதலில் வெடிக்கும். களிமண்ணிலிருந்து பிளாஸ்டர் நகல் எடுத்து, அதை வார்ப்படச்சாலைக்கு அனுப்புவார்கள். இந்தச் சிற்பத்தை வார்த்தது ராட் ஐலண்ட் மாநிலம் பிராவிடன்ஸ் நகரின் கோரம் நிறுவனம். வெண்கலத்தை 1,100 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஊற்றுகிறார்கள். ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு சுருங்கும். 14 அடி அகலத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை அங்குலம். பெரிய வேலையைத் துண்டு துண்டாக வார்த்து இணைக்கும்போது, கனமான துண்டும் மெல்லிய துண்டும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. இணைப்பில் கோடு விழும். உளியால் தட்டிச் சீராக்க வேண்டும். இணைப்பு சரியில்லை என்றால் முதல் மழையிலேயே தெரியாது. இருபது வருடம் கழித்து, அந்தக் கோட்டில் பச்சைக் களிம்பு ஒழுகும்போது தெரியும்.

இந்தச் சிற்பத்தில் இன்னொரு சங்கடம். குதிரையும் ஷாவும் கிட்டத்தட்ட முழு உருவமாக வெளியே நிற்கிறார்கள். பின்வரிசை வீரர்கள் பலகையோடு ஒட்டிய தாழ்ந்த புடைப்பு. இரண்டுக்கும் நடுவே குழிகளும் திட்டுகளும் ஏராளம். மழைநீரும் இலைச்சருகும் பறவை எச்சமும் தங்குகிற இடங்கள் அவை. புதிதாக இப்படிச் செய்கிறவர்கள் நீர் வடியத் துளை எங்கே என்பதை மாதிரி வடிக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். அடுத்தது வாள். ஷாவின் கையிலிருக்கும் வாள் மெலிந்து, கைக்கெட்டும் தூரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. உடைத்துக்கொண்டு போனார்கள், மாற்றினார்கள், மறுபடி உடைத்தார்கள். தெருவோரச் சிற்பத்தில் கைக்கெட்டும் மெல்லிய உறுப்புக்குத் தனி வார்ப்பும், அதன் அச்சு பத்திரமாக ஒரு அலமாரியிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் நிழற்படத்தைப் பார்த்துப் புதிதாக வடிப்பார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வேறு வாளாகும்.

இனிப் பின்பக்கம். மேடையையும் கல் சட்டத்தையும் அமைத்த கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் மக்கிம். பூங்காவைப் பார்த்த சுவரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்ல்ஸ் எலியட் எழுதிய வாசகம் பொறித்திருக்கிறது. வெள்ளை அதிகாரிகளுக்கு ஒரு பத்தி. கறுப்பினச் சிப்பாய்களுக்கு ஒரு பத்தி. 18 மாதம் சம்பளமின்றிப் பணியாற்றியதும், பிடிபட்டால் அடிமையாக விற்கப்படுவோம் என்று தெரிந்தே போனதும் அதில் இருக்கிறது. கூடவே மாண்ட அதிகாரிகளின் பெயர்கள். மாண்ட சிப்பாய்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

பட்டியல் கிடைக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அதே ரெஜிமென்ட்டில் கேப்டனாக இருந்த லூயிஸ் எமிலியோ எழுதிய வரலாறு 1891இல் அச்சாகி, 1894இல் திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்குப் பழைய வீரர்களே வந்திருந்தார்கள், கொடியோடு கார்னி வந்தார், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பேசினார். ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அந்தக் குழுவுக்குச் சிப்பாய் என்றால் அணி; அதிகாரி என்றால் ஆள். பெயர்களைக் கல்லில் வெட்டியது 1982இல், 85 ஆண்டு கழித்து, அறுபதுக்கும் மேற்பட்டவை.

அந்த எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லப்போனால் நூலுக்கு நூல் ஒன்றிரண்டு மாறும். ‘வாக்னரில் மாண்டவர்’ என்றால் யார்? களத்திலேயே விழுந்தவரா, காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஆகஸ்டில் இறந்தவரா, ‘காணவில்லை’ என்று பதிவாகித் திரும்பாதவரா, பிடிபட்டு எதிரியின் சிறையில் நோயில் செத்தவரா? இறந்தவர்களைப் புதைத்தது எதிரி. அவன் பெயர் எழுதிக்கொண்டு புதைக்கவில்லை. அதனால் பெயர்ப்பலகை வைக்கும் எந்தக் குழுவும் பட்டியலைத் தொடும் முன் சேர்க்கை விதியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தக் காரணத்தால், எந்த ஆவணம் இருந்தால் சேர்ப்போம். விதி இல்லாமல் பட்டியல் போட்டால், கல் வெட்டி முடிந்த மறுநாள் ஒரு பேத்தி வந்து தாத்தா எங்கே என்பாள்; பதில் இருக்காது.

பிறகு வெட்டுக்கூலி, இடம். ஏற்கெனவே நிற்கும் சுவரில் சேர்ப்பது புதுச்சுவரில் வெட்டுவதைவிடக் கடினம். கல்லைக் கிடத்தி வெட்ட முடியாது. நின்றபடியே வெட்ட வேண்டும். கை தவறினால் மாற்றுக் கல் கிடையாது. பழைய எழுத்தின் விளிம்பு பல பத்தாண்டு மழையில் மழுங்கியிருக்கும், புதிய வெட்டு கூராகப் பளிச்சிடும். தொடக்கத்திலேயே சுவரில் கால்பங்கைக் காலியாக விட்டுவைப்பது மலிவு. எல்லாப் பட்டியலும் பின்னால் வளரும்.

தண்ணீர் வந்ததும் கல்லின் உள்ளே, பின்னாலிருந்துதான். வெளியே பார்க்கிற கல் ஓர் உறை. உள்ளே செங்கல் கட்டு. கல் இணைப்புகளில் சாந்து தேய்ந்ததும் மழைநீர் உள்ளே போனது. பாஸ்டன் குளிரில் உள்ளே போன நீர் உறையும். உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். வெயில் வந்தால் உருகி இன்னும் உள்ளே போகும். ஒரு குளிர்காலத்தில் பலமுறை இது நடக்கும். வெளிக்கல் பார்க்க அழகாகவே நிற்கும், உள்ளே செங்கல் உதிர்ந்துகொண்டிருக்கும். மேலே பூசி மறைத்தால் இன்னும் மோசம்: ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். 2020இல் தேசியப் பூங்காத்துறை, பாஸ்டன் மாநகராட்சி, பொதுப்பூங்கா நண்பர்கள் அமைப்பு, ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் நான்கும் சேர்ந்து சுமார் 30 லட்சம் டாலரில் சின்னத்தையே பிரித்தெடுத்தார்கள். வெண்கலம் லாரியேறி வொபர்ன் ஊரிலுள்ள பட்டறைக்குப் போனது. அடியில் புதிய கான்கிரீட் அஸ்திவாரம் போட்டு, கல்லை மறுபடி அடுக்கி, 2021இல் வெண்கலத்தைத் திரும்பப் பொருத்தினார்கள். 2022 ஜூன் 1 அன்று மறு அர்ப்பணிப்பு.

அந்த வேலை தொடங்கிய சில நாளில், போலீஸ் கையில் இறந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டு கொலையை எதிர்த்த போராட்டங்களின்போது, 2020 மே 31 இரவு சின்னத்தின் பின்பக்கத்தில் பெயின்ட் அடித்தார்கள். திறப்பு விழா நடந்த அதே தேதி. யார் செய்தார்கள், என்ன நினைத்துச் செய்தார்கள் என்று ஆயிரம் கருத்து ஓடியது. பூங்காப் பக்கமிருந்து வருகிறவருக்குக் கண்ணில் படுவது உயரமான பழைய கல்சுவர். கறுப்பின வீரர்களின் முகம் அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், லிங்கன் காலடியில் முழங்காலிட்ட விடுதலை அடிமையைக் காட்டும் 1879ஆம் ஆண்டுச் சிலையை பாஸ்டன் தன் பார்க் சதுக்கத்திலிருந்து அகற்றியது. ஒரே நகரம், ஒரே ஆண்டு. ஒன்றை எடுத்தார்கள், ஒன்றைச் செலவு செய்து நிறுத்தினார்கள். அந்தத் தேர்வு சரி.

பெயின்ட் பற்றி நடைமுறைக் குறிப்பு: கல்லில் விழுந்தால் காலம்தான் எதிரி. நுண்துளைகளுக்குள் இறங்கிக் காய்வதற்குள், முடிந்தால் ஓரிரு நாளுக்குள், கரைப்பானைக் களிம்பாகக் குழைத்துப் பூசி உறிஞ்ச வைத்து எடுப்பார்கள். முதலில் ஓரத்தில் உள்ளங்கையளவு இடத்தில் சோதனை. அவசரத்தில் அழுத்த நீர் பாய்ச்சினால் பெயின்ட் ஆழமாக இறங்கும், கல்லின் மேல்தோலும் போகும். வெண்கலத்துக்கு ஆண்டுக்கொருமுறை மென்சோப்பு நீரில் கழுவி, மெழுகு பூசி, துணியால் தேய்த்துவிட்டாலே பாதி நோய் வராது. மெழுகு இருந்தால் பெயின்ட் மெழுகோடு கழன்று வரும். கம்பி பிரஷ்ஷைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. இந்த ஆண்டுச் செலவுக்கு வைப்புநிதி ஒதுக்காமல் ரிப்பன் வெட்டுகிற குழுக்களே அதிகம்.

பாஸ்டன் விட்டதைத் தலைநகர் வாஷிங்டன் பிடித்தது. யு தெருவும் வெர்மான்ட் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் 1998 ஜூலை 18 அன்று, வாக்னர் தாக்குதலின் தேதியிலேயே, ஆப்பிரிக்க அமெரிக்க உள்நாட்டுப் போர் நினைவகம் திறந்தது. வட்டாரத்தின் பெயரே ஷா. நகர மன்ற உறுப்பினராக இருந்த ஃபிராங்க் ஸ்மித் முன்னின்று செய்த வேலை. சிற்பம் கென்டக்கியின் லூயிவில் நகரத்துச் சிற்பி எட் ஹாமில்டனுடையது. முன்பக்கம் காலாட்படை வீரர்களும் ஒரு கடற்படை வீரரும். பின்பக்கத்தின் குழிவில், போருக்குக் கிளம்புகிறவரைச் சூழ்ந்த குடும்பம். ஹாமில்டன் பின்பக்கத்தை வீணாக்கவில்லை.

சிற்பத்தைச் சுற்றிய தாழ்ந்த சுவர்களில் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள், 166. அவற்றில் கறுப்பின ரெஜிமென்ட்களில் பணியாற்றிய 2,09,145 பேரின் பெயர்கள். தகட்டுக்குச் சராசரி 1,260. சுமார் 7,000 வெள்ளை அதிகாரிகளும் அதே பட்டியலுக்குள் இருக்கிறார்கள். இத்தனை பெயர் வந்தது 1890களில் போர்த்துறை தயாரித்த சேவைப் பதிவு அட்டைகளிலிருந்து: பழைய வருகைப் பட்டியல், ஆஸ்பத்திரிப் பதிவு, சம்பளப் பட்டியல் எல்லாவற்றையும் எழுத்தர்கள் ஆளுக்கொரு உறையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். தேசியப் பூங்காத்துறை உள்நாட்டுப் போர் வீரர்களின் கணினிப் பட்டியலைத் தொடங்கியபோது முதலில் ஏற்றியது கறுப்பின ரெஜிமென்ட்களைத்தான்.

இதில் வரும் பிழைகள் எல்லாம் கணிக்கக்கூடியவை. படையில் சேரும்போது எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், திருத்த முடியவில்லை. அடிமையாக இருந்தவர் எசமானின் குடும்பப் பெயரில் சேர்ந்து, போர் முடிந்ததும் தகப்பன் பெயருக்கு மாறிக்கொண்டார். ரெஜிமென்ட் எண் மாறியதால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வருவார். கடற்படையில் வேறு சிக்கல்: அங்கே தனிக் கறுப்பினப் பிரிவே கிடையாது, பதிவேட்டில் ஆளின் நிறத்தைக் குறிக்கும் ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அதை ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பிரித்தது வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழக ஆய்வுக்குழு, சுமார் 18,000 பேரைக் கண்டுபிடித்தார்கள்.

பணம் குறைவு, லட்சக்கணக்கில் பெயர் இல்லை என்றால் கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட் வழி நல்லது. 1924இல் கிரீன் ஹில் கல்லறைத் தோட்டத்தில் கறுப்பினப் பெண்களின் நிவாரணச் சங்கம் ஒரு கல்தூண் எழுப்பியது. சிற்பி இல்லை, குதிரை இல்லை. சுற்று வட்டாரத்து வீரர்கள் 142 பேரின் பெயர் மட்டும். பாஸ்டன் சுவரில் சிப்பாய்களின் பெயர் ஏறுவதற்கு 58 ஆண்டு முன்பு.

வாஷிங்டன் சுவரில் முன்னோரைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்கள் மொத்தமாக அகரவரிசையில் இல்லை, ரெஜிமென்ட் வாரியாகத்தான் இருக்கின்றன. ஆகவே கிளம்பும் முன் தேசியப் பூங்காத்துறையின் இணையப் பட்டியலில் ரெஜிமென்ட் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் கிடைக்காவிட்டால் உடனே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய ஓய்வூதியக் கோப்பைக் கேளுங்கள். ஓய்வூதியம் கேட்ட விதவை, கணவர் எந்தப் பெயரில் சேர்ந்தார், பிறகு எந்தப் பெயரில் வாழ்ந்தார் என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அதனால் அந்தக் கோப்பில் பெரும்பாலும் இரண்டு பெயரும் இருக்கும். முதல் பெயரை வைத்துத் தகட்டில் தேட வேண்டும்.